கயிறு வாங்கிய கை

வாரை இழுத்துக் கட்டு என்று அவன் இரண்டாவது தடவை சொன்னபோதும் சம்பூர்ணம் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நின்றாள். சேணம் முதுகில் ஏறிவிட்டது. வயிற்றுக்கு அடியில் கையை விட்டு அந்தப் பக்கத்து வாரை இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு வந்தாகிவிட்டது. மூன்றாவது ஓட்டையில் மாட்டுவதுதான் பாக்கி. ஆனால் தோல் இன்னும் தோலைத் தொடவில்லை, அதற்குள்ளேயே செவலைக் குதிரை நடுங்கத் தொடங்கியிருந்தது. ஈ உட்கார்ந்தால் அந்த இடம் மட்டும் துடித்து அடங்கும்; இந்த நடுக்கம் முன்னங்காலுக்குப் பின்னால் ஆரம்பித்து, குட்டையின் மேல் காற்று ஓடுவதுபோல விலா முழுக்க ஓடி, தொடைக்குப் போய், மறுபடி திரும்பி வந்தது. அவள் வாரைத் தாழ்த்திப் பிடித்தாள். நடுக்கம் குறைந்தது. கொஞ்சம் உயர்த்தினாள். காதுகள் பின்னால் மடிந்தன. இதை யாராவது பார்க்கிறார்களா என்று இருந்தது அவளுக்கு. வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணி, அவள் புருஷன், பார்க்கிற ஆள் இல்லை. அவனுக்குக் குதிரையில் இரண்டு வகைதான்: அடங்கினது, அடங்காதது. கம்பி வைத்துத் தைத்த காலை எதிரில் ஒரு முக்காலியின் மேல் நீட்டி வைத்திருந்தான். கக்கத்துக்கட்டை நாற்காலியில் சாய்ந்திருந்தது. மடியில் சாட்டை, மடித்த துண்டுபோல. பக்கத்தில் பவானியிலிருந்து வந்திருந்த சாரட்டுக்காரர் லோகநாதன் டீ டம்ளரை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டிருந்தார். அவருடைய டெம்போ கிளுவை வேலிக்கு வெளியே, பின்கதவு திறந்தபடி, உள்ளே வைக்கோல் பரப்பி, தயாராக நின்றது. வைக்கோலைக்கூடக் கொண்டுவந்துவிட்டார். அப்படியானால் எல்லாம் முடிவாகிவிட்டது. இன்று இந்தக் களத்தில் அவள் இதன்மேல் ஏறி நாலு சுற்று வந்துவிட்டால், செவலை அந்த வைக்கோல்மேல் நின்றுகொண்டு பவானிக்குப் போய்விடும்.

அந்த இடத்தை அவள் பார்க்கவேண்டாம் என்றுதான் நினைத்தாள். பார்த்தாள். முன்னங்கால் மடங்குகிற முட்டிக்கு ஒரு சாண் பின்னால், வார் சரியாகப் போய் உட்காரும் இடத்தில், செம்பட்டை முடிக்கு நடுவே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை. அந்தப் பக்கமும் இதே இடத்தில் இதேபோல ஒன்று. முதலில் அங்கே வெள்ளை கிடையாது, சுழி இருந்தது. இரண்டு விலாவிலும் ஒன்றையொன்று பார்த்த மாதிரி இரண்டு சுழி. பாடைச் சுழி. பாடையின் இரண்டு பக்கத்து மூங்கிலைப்போல. உடையவரை அதில் ஏற்றாமல் விடாது. அந்தியூர்ச் சந்தையிலிருந்து குட்டியைக் கொண்டுவந்த வாரமே, சுழியைப் பொசுக்க, அவன் அரிவாள் முனையை அடுப்பில் செருகி வைத்துவிட்டான். அவள் சோறு வடித்துக்கொண்டிருந்த அடுப்பு. சோற்றுப் பானைக்குக் கீழே அந்த முனை சிவந்துகொண்டிருந்ததை அவள் பார்த்துக்கொண்டேதான் வடித்தாள். பிறகு மேலுதட்டில் கயிற்றைச் சுற்றி, கயிற்றில் குச்சியைச் செருகி முறுக்கி, அந்தக் குச்சியை அவள் கையில் கொடுத்தான். விட்டியானா உனக்கும் ஒண்ணு வெப்பேன் என்றான். விளையாட்டாகச் சொல்லுகிற குரல். சொன்னால் செய்கிற குரலும் அதேதான். அவள் விடவில்லை. முடி கருகும் நாற்றம் முதலில் வந்தது, பிறகு வேறொரு நாற்றம், அது கிட்டத்தட்டச் சமையல் வாசனை, அதை நினைத்தால் இன்றைக்கும் வாயில் எச்சில் ஊறுவதும் குமட்டுவதும் ஒன்றாக நடக்கும். குட்டி கனைக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குப் பெயர் இல்லை. அது சூடு வைத்தவனைப் பார்க்கவும் இல்லை. அவன் விலாப்பக்கம் இருந்தான், கண்ணுக்குத் தெரியமாட்டான். உதட்டை முறுக்கிப் பிடித்திருந்த அவள்தான் எதிரில் இருந்தாள். விரிந்த அந்தக் கண்ணில் அவள் சிறியதாக, தலைகீழாக இல்லாமல் நேராகவே, குச்சியோடு நின்றாள்.

அதற்கப்புறம் எத்தனை மஞ்சள், எத்தனை தேங்காயெண்ணெய். ஆறுகிற வரைக்கும் அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோக விடாது, கடிக்கும். தோளில் இன்னும் பல் பதிந்த தடம் இருக்கிறது. கொள்ளை ஊறவைத்து வேகவைத்து ஆறவைத்து, தவிட்டோடு பிசைந்து, ஒரு கையில் தின்னக் கொடுத்து மறு கையால் கழுத்தைத் தொட்டாள். மழைக்காலம் முழுக்கக் கழுத்து. பிறகு முதுகு. உண்ணி பொறுக்குகிற சாக்கில் வயிறு. குளம்பைத் தூக்கி மடியில் வைத்துக் கல் எடுக்கும்போது செவலை முழுப் பாரத்தையும் அவள்மேல் சாய்த்துவிட்டுத் தூங்கும் அளவுக்கு வந்துவிட்டது. அப்படி ஒருநாள் தேய்த்துவிடும்போதுதான் பார்த்தாள், வெந்த இடத்தில் முளைத்த வெள்ளை முடி நேராக முளைக்கவில்லை. பழைய வாக்கிலேயே, வலமாக, நடுவில் ஒரு புள்ளி விட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தாள். அங்கேயும். சுழி திரும்பி வந்துவிட்டது, வெள்ளையாக, முன்னைவிடத் தெளிவாக. அவனிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதை மட்டும் அவள் தனக்குள்ளேயும் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால் மறுபடி அரிவாளைச் செருகுவான், குட்டி பாவம், அதனால். அதுதான். அதுமட்டும்தானா. அவளுடைய இடது விலாவில் மூச்சை முழுசாக இழுத்தால் குத்துகிற இடம் ஒன்று உண்டு. ரசத்தில் உப்பு இல்லை என்பதற்கு வந்தது. படுத்தால் அந்தப் பக்கம் படுக்க முடியாது. வலப்பக்கமாகப் படுத்தால் அவன் முதுகு தெரியும். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே, பாடைக்கு எத்தனை மூங்கில் வைப்பார்கள், குறுக்கே எத்தனை கட்டுவார்கள், தென்னை ஓலை எந்த மரத்தில் வெட்டலாம், என்று எங்கேயோ போய்விடும் நினைப்பு. திடுக்கிட்டு முருகா முருகா என்பாள். மறுநாள் குட்டியைத் தேய்க்கும்போது வெள்ளைச் சுழி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள். இருக்கும்.

"ஏ, காது அவிஞ்சு போச்சா? கட்டுடி."

கட்டறனுங்க என்றாள். கட்டவில்லை. போன மாதம் இதே களத்தில், இதே சேணம், இதே வார். அவன் முட்டியைச் செவலையின் வயிற்றில் கொடுத்து நெருக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது ஓட்டைக்கு இழுத்தான். அங்க வலிக்குதாட்டம் இருக்குதுங்க என்று ஒருதடவை சொல்லி அவள் வாங்கிக்கட்டிக்கொண்டிருக்கிறாள், அதனால் பேசவில்லை. திமிரு, இது வேற ஒண்ணுமில்ல, திமிரு என்று அவன் சொல்லிக்கொண்டே ஏறினான். ஏறினானா, ஏறுவதற்குள்ளேயா, அது அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை. செவலை வில்லாக வளைந்து நாலு காலும் தரையை விட்டது. வானத்தில் அவன் ஒரு கணம் சேணமில்லாமல் உட்கார்ந்திருந்தான். எலும்பு முறியும் சத்தம் அவள் நினைத்ததுபோல இல்லை. முருங்கைக் கிளை, அதுவும் பச்சைக் கிளை. அவள் கையில் கொள்ளு வாளி இருந்தது. உடனே ஓடினேன் என்றுதான் ஆஸ்பத்திரியில் சொன்னாள், நாத்தனாரிடம் சொன்னாள், கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். ஓடினாள்தான். ஆனால் அதற்கு முன்னால் நின்றாள். எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கவில்லை. வாளியிலிருந்து கொள்ளு ஒரு பக்கமாகச் சிந்தி, சிந்தினதைப் பொறுக்கக் காக்கை ஒன்று வந்து உட்கார்ந்தது. காக்கை வந்து உட்காருகிற அளவுக்கு நின்றிருக்கிறாள். அவன் அசையாமல் கிடந்தான். அவள் மனசில் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது, முடிஞ்சுது. அப்புறம் அவன் புரண்டு, அவளைப் பெற்றவளைச் சேர்த்து ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். அப்போதுதான் ஓடினாள். சுழி பாதி வேலை செய்து மீதியை விட்டுவிட்டது. காலோடு நிறுத்திக்கொண்டது. ஏன் நிறுத்திக்கொண்டது என்று அவளுக்கு அன்றிலிருந்து புரியவில்லை.

காலுக்குக் கட்டுப்போட்டு வந்த முதல் நாளே, கட்டிலில் படுத்தபடி, செவலையைக் குதிரைக் கொட்டத்து வாசலில் கட்டச் சொல்லி, கை எட்டுகிற தூரத்துக்குக் கட்டிலை இழுக்கச் சொல்லி, சாட்டை தேயத் தேய அடித்தான். கை ஓய்ந்ததும் அவளை அடிக்கச் சொன்னான். அவள் அடித்தாள். மெதுவாக அடித்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம். சாட்டைக்கு மெதுவாக என்று ஒன்று கிடையாது. இப்போது விற்பது என்று முடிவாகி, வாங்குவதற்கு லோகநாதன் ஒருவர்தான் வந்திருக்கிறார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை பழக்குகிற விதத்தை அவரே இப்போது டீயோடு சொல்லிக்கொண்டிருந்தார், தொழில் பெருமையோடு, யாருக்கும் ஒளிக்காமல். ஓடு போட்ட ஒரு அறைக்குள் விட்டு, தண்ணீர் காட்டாமல், நேரத்துக்கு ஒரு சரம் வெடியைக் கொளுத்தி உள்ளே போடுவாராம். முதல் நாள் சுவரை மோதும். மூன்றாம் நாள் நின்ற இடத்திலேயே மூத்திரம் போகும். அப்புறம் காதுக்குப் பக்கத்தில் பறையடித்தாலும் கண் சிமிட்டாதாம். போன வருஷம் ஒன்று மட்டும் சுவரில் மோதியே கண்ணை அவித்துக்கொண்டுவிட்டது, அதனால் என்ன, கண்ணில் தோல் மூடி மாட்டிவிட்டால் மாப்பிள்ளைக்கு என்ன தெரியப்போகிறது என்று சிரித்தார். சிகாமணியும் சிரித்தான். அவர் கேட்பதெல்லாம் வார் தாங்குகிற குதிரை. வாரைக் கட்டி, ஒரு ஆளை ஏற்றி, நாலு சுற்று. ஊரில் ஒருத்தனும் ஏற வரவில்லை. அது எங்கிட்ட மட்டும் நிக்கும் என்று அவள் எப்போதோ வாயை விட்டது இப்போது அவளுக்கே வந்து முடிந்தது. நீதானே தீனி போடுற, நீயே ஏறு என்று காலையில் அவனுடைய பழைய கால்சட்டையை எடுத்து வீசினான். இடுப்பில் நிற்கவில்லை. பாவாடை நாடாவை உருவிக் கட்டி, மேலே அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தபோது, பரவால்ல, ஆம்பளையாட்டத்தான் இருக்கற என்றான். சட்டையில் அவன் வேர்வை நாற்றம் துவைத்தும் போகாமல் இருந்தது. அதைத்தான் செவலை முதலில் மோந்து, தலையைத் தூக்கிப் பின்வாங்கியது. நான்தான் கண்ணு, நான்தான் என்று அவள் கையை மூக்கில் வைத்த பிறகுதான் நின்றது.

லோகநாதன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்துவந்தார். குதிரையைச் சுற்றி வந்தார். பல்லைப் பார்த்தார். அவள் பிடித்திருந்த வாரை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டு, வெள்ளை விழுந்த இடத்துக்கு முகத்தைக் கொண்டுபோனார். செவலை உதைத்துவிடும் என்று நினைத்தாள். உதைக்கவில்லை, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. அவர் அந்தப் பக்கமும் போய்க் குனிந்தார். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு குறும்பு இருந்தது.

"சூடு போட்டாப்புல இருக்குதுங்களே."

வயித்து நோவுக்குப் போட்டது என்றான் சிகாமணி.

"ரெண்டு பக்கமும் ஒரே எடத்துல வயித்து நோவுங்களா." அவர் நாற்காலிக்குத் திரும்பி உட்கார்ந்தார். "எனக்கு ஒண்ணுமில்லீங்க. பாடைச் சுழிக் குதிரை எங்கிட்ட ரெண்டு நிக்குது. நான் கயிறு வாங்கறதில்ல. டெம்போ டிரைவர் கையில வாங்கச் சொல்லிருவேன். போனா அவன் போறான்." டெம்போவின் முன்பக்கம் தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்த ஆளைக் கண்ணால் காட்டினார். "நீங்க எப்படிங்க, தைரியமாச் சந்தையில கயிறு வாங்கினீங்களா?"

சிகாமணி சாட்டையின் முனையால் அவளைக் காட்டினான். "இவதான் வாங்குனா."

லோகநாதன் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "வெவரமான ஆளுங்க நீங்க. அப்ப அம்மிணி கையிலதான் நாங்க கயிறு வாங்கோணும். வாங்குன கைதான் குடுக்கோணும்." ஆமாமா, அவதான் குடுப்பா என்று சிகாமணியும் சிரித்தான். ஒளிக்கவேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

அவள் வாரைப் பிடித்திருந்தாள். தோல் வார், நடுவில் விரிந்து, ஓரத்தில் எண்ணெய் கறுத்த வார். ஒன்று, இரண்டு, மூன்றாவது ஓட்டை. சந்தையில் அன்று வெயில். அவனும் விற்கிறவனும் துண்டுக்கு அடியில் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் வேன் நிழலில் கட்டுச்சோற்று மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பேரம் முடிந்து விற்கிறவன் கயிற்றை நீட்டினான். அவன் வாங்கவில்லை. திரும்பி அவளைக் கூப்பிட்டான். இங்க வா, நீ வாங்கு, உன்ற கை ராசியான கை. கல்யாணமாகி வந்ததிலிருந்து அவளிடம் ராசி என்ற சொல்லை அவன் சொன்னது அந்த ஒருமுறைதான். அவள் புளிச்சோற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே ஓடினாள். ஓடினாள், அதற்கு நிற்கவில்லை. கிழக்குப் பார்த்து நின்று, இரண்டு கையையும் சேர்த்து, பிரசாதம் வாங்குவதுபோலக் கயிற்றை வாங்கினாள். விற்றவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்துக்கொண்டு கொடுத்தது இப்போது ஞாபகம் வருகிறது. கயிறு யார் கையில் மாறுகிறதோ அவருக்குத்தான் குதிரை, அவருக்குத்தான் அதன் சுழி, அது அங்கே இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், கட்டுச்சோறு கட்டிக்கொண்டுவந்த அவளைத் தவிர. அந்தக் கையை அன்று ராத்திரி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன ராசி என்று. அதற்கப்புறம் எத்தனை ராத்திரி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு மூங்கில் எண்ணினாள். எண்ணினது யாருக்கு? தன் பாடைக்குத் தானே ஓலை தேர்ந்தெடுத்திருக்கிறாள். வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி விலாவில் குத்தி நின்றது. அதனால்தான் சுழி காலோடு நிறுத்திக்கொண்டது. உடையவன் அவன் இல்லை. அவனை அதற்கு யாரென்றே தெரியாது. உடையவன் அவன் இல்லை என்று மறுபடி நினைத்தாள், இந்தத் தடவை வேறு இடத்தில் அழுத்தம் விழுந்தது. உடையவன் அவன் இல்லை. குதிரை அவளுடையது என்று இரண்டு பேருமே இப்போது வாயாலேயே சொல்லிவிட்டார்கள்.

சேணத்தை எடுத்துக் கீழே போட்டாள். போட்டது பெரிய சத்தமாக விழுந்தது. என்னடி பண்றே என்றான் அவன். அவள் தலைக்கயிற்றைப் பிடித்துச் செவலையைத் தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப்போனாள். அவன் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம், அப்புறம் வந்து மாத்திரை போட்டுத் தூங்குகிற மத்தியானமெல்லாம், இந்தத் தொட்டிச் சுவரில் ஏறித்தான் அதைப் பழக்கியிருந்தாள். முதலில் முதுகின்மேல் கையை ஊன்றி எடையைக் கொடுத்தாள். பிறகு துணி மூட்டைபோலக் குறுக்கே வயிறு படியக் கிடந்தாள், இரண்டு பக்கமும் தலையும் காலும் தொங்க. அதன் சூடு அவள் வயிற்றுக்குள் வந்தது, அதன் மூச்சு அவளைத் தூக்கித் தாழ்த்தியது, அவளை யாரும் இத்தனை நேரம் அடிக்காமல் தொட்டுக்கொண்டிருந்ததில்லை. பிறகு ஒருநாள் காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டாள். அது காதை மட்டும் திருப்பிக் கேட்டது. சேணமில்லை, வாரில்லை, கடிவாளமில்லை. குதிகால் மட்டும் அந்த வெள்ளை இடத்தில் பட்டுவிடக்கூடாது. முட்டியை உயர்த்தி, காலை முன்னால் தள்ளி, அவள் தானாகக் கண்டுபிடித்த ஒரு உட்காரல். கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்துக் கொழுக்கட்டைப் புல்லில் நடந்து, காற்றாலை வரைக்கும் ஓடி, வேர்வையைத் துடைத்து, ஒன்றும் நடக்காததுபோலக் கட்டிவிட்டு அடுப்பு மூட்டப் போவாள். தெரிந்தால் கொன்றுபோடுவான். இப்போது தெரியப்போகிறது. சுவரில் ஏறினாள். கால்சட்டை தொடையில் இறுகியது. செவலையின் முதுகு அவளுக்குத் தெரிந்த இடத்தில் தெரிந்த அகலத்தில் இருந்தது.

ஒரு சுற்று வந்தாள். இரண்டாவது சுற்றில் லோகநாதன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, அடேங்கப்பா, இது ஏற்கனவே பழகுன குதிரைங்க, அம்மிணி நல்லாவே பழக்கியிருக்குது என்றார். அவர் புகழ்ந்துதான் சொன்னார். அவள் சிகாமணியின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றாள், பார்த்தாள். தனக்குத் தெரியாமல் வீட்டில் ஒன்று நடந்திருக்கிறது என்பது அவன் முகத்தில் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது, தாடை, மூக்கு, நெற்றி. எவனக் கேட்டு ஏறுன, எத்தனை நாளா நடக்குது இது என்று ஆரம்பித்தவன் கக்கத்துக்கட்டையை எடுத்து வீசினான். உட்கார்ந்தபடி வீசினாலும் குறி தப்புகிறவன் இல்லை. கட்டை செவலையின் கழுத்தில் பட்டுத் தெறித்தது. அது முன்னங்காலைத் தூக்கியது. வானமும் வேம்பும் சரிந்தன. அவள் பிடரியை அள்ளிப் பிடித்துக்கொண்டாள். கால்கள் தரைக்கு வந்தபோது செவலை வேப்பமரத்தைப் பார்த்து நின்றது. மூச்சு பெரிதாக வந்தது. எதிரே நாற்காலி, முக்காலி, நீட்டிய கால், அதற்குள் கம்பி. பத்துப் பதினைந்து எட்டு இருக்கும். கட்டை அவன் கையில் இல்லை. எழுந்திருக்க முடியாது. லோகநாதன் எழுந்து டெம்போ பக்கம் போய்க்கொண்டிருந்தார், ஓடவில்லை, ஓடுவதற்கு முந்தின நடை. காக்கை ஒன்று எங்கோ கத்தியது. அன்றைக்கு வந்த காக்கையா. இப்போது கயிற்றை இடப்பக்கம் இழுத்தால் போதும், திரும்பிவிடும், சின்ன அசைவுக்கே திரும்பும். அவள் இழுக்கவில்லை. நின்றாள். அந்தக் கொள்ளு வாளியோடு நின்ற நிற்றல் அப்படியே மறுபடி வந்தது, அதன் நீளம் இப்போதுதான் தெரிந்தது. பிறகு அவள் குதிகால் அந்த வெள்ளை இடத்தில் பட்டது. பட்டதா. இத்தனை நாள் படாத கால். முட்டி உயர்ந்திருந்தது, அது தானாக இறங்கியதா, அவள் இறக்கினாளா. அழுத்தினாள். ஆமாம், அழுத்தினாள். அரிவாள் பட்ட இடத்தில், நடுவில் புள்ளி விட்டுச் சுற்றுகிற அந்த இடத்தில்.

பெயரில்லாத அந்தச் சத்தம் அவளுக்குக் கீழிருந்து கிளம்பியது. அன்று கேட்ட அதே சத்தம், குரல்தான் தடித்திருந்தது. செவலை பாய்ந்தது. முக்காலி எங்கோ போனது. அவன் வாய் திறந்திருந்தது, அதிலிருந்து கெட்ட வார்த்தை வரவில்லை, அவள் பெயர் வந்தது, முழுப் பெயரும். நாற்காலிக்குக் குளம்பு படுகிற தூரத்தில் அவள் கயிற்றை இரண்டு கையாலும் வயிற்றுக்குள் இழுத்தாள், உடம்பு முழுக்கப் பின்னால் சாய்ந்து, விலா கிழிகிறதுபோல வலிக்க வலிக்க. செவலை பின்னங்காலில் உட்கார்ந்து மண்ணைச் சீய்த்து எழுந்தது. முன்னங்கால் இரண்டும் அவன் தலைக்கு மேலே காற்றில் நின்றன. ஒரு குளம்பின் நடுவில் காலையில் அவள் எடுக்க மறந்த ஒரு சின்னக் கல் தெரிந்தது. பிறகு அவை நாற்காலியின் இரண்டு பக்கமும் இறங்கின. நாற்காலி சரிந்து அவன் மண்ணில் கிடந்தான். புழுதி அடங்கினபோது அவன் கையைத்தான் முதலில் பார்த்தாள். முகத்துக்குக் குறுக்கே, முழங்கை வெளியே நீட்டி, உள்ளங்கை எதிராளியைப் பார்த்து, விரல்கள் விரிந்து. அந்தக் கை அவளுக்குத் தெரியும். அதை வெளியிலிருந்து அவள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அடுப்படியில், கொட்டத்தில், கட்டில் ஓரத்தில், உள்ளிருந்து அந்த விரல்களுக்கு நடுவே பார்த்திருக்கிறாள். வெளியிலிருந்து இப்படியா இருந்திருக்கிறது. இதைப் பார்த்துக்கொண்டா அத்தனை வருஷம் அடித்திருக்கிறான்.

டெம்போ பக்கத்திலிருந்து லோகநாதன் இறங்கின குரலில் கேட்டார். "அம்மிணி, கயிறு குடுக்கறீங்களா, நாங் கெளம்பட்டுங்களா?"

"கெளம்புங்க," என்றாள். "கயிறு நான் வாங்குனதுங்க. பாடையும் என்னுளுதுதான். ரெண்டையும் குடுக்கறதில்ல."

டெம்போவின் பின்கதவு மூடுகிற சத்தம், டிரைவரை எழுப்புகிற சத்தம், வண்டி கிளம்புகிற சத்தம் எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டன. செவலைக்கு நடுக்கம் நிற்கவில்லை. அது அவள் தொடை வழியாக அவளுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. கழுத்தைத் தட்டிக்கொடுக்கக் கையைக் கொண்டுபோனாள். கை எட்டுவதற்குள் அது கண்ணைத் திருப்பி அவளைப் பார்த்தது, விரிந்த கண், வெள்ளை தெரிய. அன்றைக்குப் பார்த்த அதே கண், அவள் அதற்குள் சிறியதாக, மேலே உட்கார்ந்திருந்தாள். கையைத் தொடாமல் நிறுத்திக்கொண்டாள். மறுபடி கழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எத்தனை மழைக்காலம் என்று தெரியவில்லை. கீழே அவன் கை இன்னும் இறங்கவில்லை. விரல்களுக்கு நடுவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிடலாம், சொன்னால் அந்தக் கை இறங்கிவிடும். அவள் சொல்லவில்லை. முட்டியை மெல்ல உயர்த்திக் குதிகாலை மட்டும் அந்த இடத்திலிருந்து விலக்கிக்கொண்டாள்.